இரண்டு டிக், ஒரு பெண்

அத்தியாயம் 5

மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு என் பென்சில் முனை உடைந்தது.

ஓவியக் கண்காட்சிக்குள் பேனா கூடாது. மை தெறித்துவிடுமாம். பென்சிலுக்குத் தடையில்லை, ஷார்ப்னருக்கு உண்டு; அதில் பிளேடு இருக்கிறது. ஆகவே என் ஷார்ப்னர் வாசலில் பை வைக்கும் இடத்தில், எழுபத்தேழாம் எண் டோக்கனுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. நோட்டில் 'சந்தேகம் 4' என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே எதுவும் எழுத முடியாமல் இரண்டாம் அறையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முனை இருந்திருந்தால் மட்டும் என்ன எழுதிக் கிழித்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

"பல்லால கடிச்சுச் சீவு," என்றார் அத்தை. "அணில் என்ன ஷார்ப்னரா வெச்சிருக்கு?"

அத்தை என் அப்பாவின் அக்கா. இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டர். ஓய்வுபெற்ற மறு வாரமே என் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. என்னை 'மருமகளே' என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு மகன் இல்லை என்பதால் அதில் ஆபத்து எதுவும் இல்லை.

"மூணு நாளா இதே பெஞ்சு, மருமகளே. பஸ்ஸா இருந்தா இந்நேரம் ரெண்டு தடவை ஊரைச் சுத்தியிருப்போம்."

"யோசிக்கிறேன் அத்தை."

"யோசி, யோசி. அஞ்சு மணிக்கு அந்த மனுஷனைப் பிடிச்சுட்டுப் போவாங்க. அப்புறம் யோசிக்க நிறைய நேரம் இருக்கும். அவருக்கு."

அதுதான் விஷயம். ஸ்பெயின் நாட்டு நவீன ஓவியர்கள் வரைந்த நாற்பத்தோரு படங்கள் இந்த மியூசியத்துக்கு வந்தன. சுவர்களில் இருப்பது நாற்பது. காணாமல் போனது இருபத்துநாலாம் எண், 'மூக்குக்கண்ணாடி அணிந்த பெண்'. ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய படம். மூன்று நாள் முன்பு, படங்களை அனுப்பியவர்களின் சார்பில் வந்த ஸ்பானிய அம்மாள் மூன்று அறைகளையும் சுற்றிவிட்டு, 'அவள் எங்கே?' என்று கேட்ட பிறகுதான் அவள் இல்லை என்பதே தெரிந்தது.

இரண்டாம் அறையின் படங்களுக்கு அந்த அறையின் காவலர் பொறுப்பு. திறப்பு விழாவுக்கு முந்தைய நாள், பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு படத்துக்கும் டிக் போட்டு, அடியில் கையெழுத்தும் போட்டிருந்தார். இருபத்துநாலுக்கும் டிக் இருந்தது. டிக் இருக்கிறது, படம் இல்லை. இன்று ஐந்து மணிக்குள் படம் கிடைக்காவிட்டால் இயக்குநர் அவர் பெயரைப் போட்டுப் போலீசில் புகார் கொடுப்பார். பத்தொன்பது வருஷ வேலை. அவர் மனைவி இதே மியூசியத்தில் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறார். எங்களைக் கூப்பிட்டது அவர்தான்.

என் பேரில் அவருக்கு எப்படி நம்பிக்கை வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பென்சிலைக் கடித்தேன். மரம் கசந்தது. நிமிர்ந்தால் சுற்றிலும் நிறங்கள். ஊதாத் தாடி வைத்த மீனவர். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு குடும்பம், எல்லோருக்கும் கைகள் ஆரஞ்சு. ரோஜா நிறச் சைக்கிளில் ரோஜா நிற மனிதன். எங்கே சைக்கிள் முடிகிறது, எங்கே மனிதன் தொடங்குகிறான் என்று மூன்று நாளாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் நாள் இவையெல்லாம் அழகாக இருந்தன. இன்று எல்லோரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது.

எதிரே இருபத்துமூன்றாம் எண் படத்தை ஒரு வயதான தம்பதி மறைத்துக்கொண்டு நின்றார்கள். பச்சை முகம் கொண்ட ஒரு பெண், கையில் நீல நிறத்தில் வட்டமாக எதையோ பிடித்திருக்கும் படம்.

"கண்ணாடியுடன் பெண்னு போட்டிருக்கு," என்றார் கணவர், லேபிளுக்கு மூக்கை ஒட்டி. "கண்ணாடியைக் காணோமே?"

"மொதல்ல உங்களுதை எடுத்துப் போடுங்க. அப்புறம் அவளுதைத் தேடலாம்."

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார். "இப்பவும் இல்லையே."

"சாப்பிட உக்காந்திருக்கா. தட்டைப் பிடிச்சிருக்கா பாருங்க. சாப்பிடறப்போ எதுக்குக் கண்ணாடி?"

"மூஞ்சி ஏன் பச்சையா இருக்கு?"

அத்தைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மலைப் பாதையில பதினஞ்சாவது வளைவு தாண்டினா எல்லாருக்கும் அந்தக் கலர்தாங்க. நான் எத்தனை பேருக்குப் பை கொடுத்திருக்கேன்!"

தம்பதி அவசரமாக மூன்றாம் அறைக்குப் போனார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சாட்சிகளைத்தான் விரட்டுகிறார் என்றால் பார்வையாளர்களையுமா?

இரண்டரை மணிக்கு ஃபிட்டர் வந்தார்.

சந்தேகம் நான்கு அவர்தான். படங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டியவர். மாட்டி முடித்த சாயங்காலம் அவர் ஒல்லியான ஒரு மரப்பெட்டியைத் தோளில் வைத்துக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனதைக் காவலர் பார்த்திருந்தார். அடுத்த நாளே ஃபிட்டர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். போன் போட்டால், எடுத்து 'ட்ரில் ஓடுது' என்று சொல்லி வைத்துவிடுவார். அவருக்காகவே நான் இரண்டு நாளைத் தின்றேன். இப்போது அவர் ஏணியில் நின்று, மேலே இருந்த விளக்கின் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு ஒல்லியா ஒரு பெட்டி கீழ கொண்டு போனீங்களாமே?"

"ஆமா."

அவர் அப்படிச் சட்டென்று ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தயாரித்து வைத்திருந்த அடுத்த ஐந்து கேள்விகளும் வீணாயின.

"அதுல என்ன இருந்துச்சு?"

"கண்ணாடி."

"கண்ணாடியா?"

"கண்ணாடிதாம்மா. மேல சீட்டே ஒட்டியிருந்தாங்க, 'கண்ணாடி, கவனம்'னு. பத்துப் பெட்டி படம், ஒரு பெட்டி கண்ணாடி. ஃபிரேம்ல ஏதாவது உடைஞ்சா மாத்தறதுக்கு உதிரியா அனுப்புவாங்க. என் பட்டறையில கண்ணாடி வைக்கிற ரேக் இருக்கு. அதுல நிக்க வெச்சேன்."

"பார்க்கறதுக்குப் படம் வர்ற பெட்டி மாதிரி இருந்துச்சா?"

"பெட்டி, பெட்டி மாதிரிதான் இருந்துச்சு. தள்ளுங்க, லைட்டு தலையில விழுந்தா அதுக்கும் ஒரு விசாரணை வைப்பாங்க."

கடித்துக் கூராக்கிய பென்சிலால் எழுதினேன்: 'சந்தேகம் 4. கண்ணாடி. தள்ளுபடி.' எழுதி, அடியில் கோடும் போட்டேன். இரண்டு நாளும் ஒரு பென்சிலும் அதோடு போயின.

"முகத்தைத் தூக்கி வெச்சுக்காத," என்றார் அத்தை. "பச்சையா மாறுது."

மூன்று மணிக்கு, கண்காட்சிப் பொறுப்பாளரான துணைக் காப்பாளரின் அறை. காவலர் டிக் போட்ட அசல் பட்டியலைக் காட்டுங்கள் என்று நான் கேட்பது இது நான்காவது முறை.

"அது சீல் வெச்ச கவர்ல இருக்கு," என்றார், நான்காவது முறையாக. "போலீஸ்தான் பிரிக்கணும். உங்களுக்குத்தான் புதுசா டைப் பண்ண பட்டியல் கொடுத்தாச்சே."

"அதுல டிக் இல்லையே சார்."

"டிக் எப்படி இருக்கும்? டிக் போட்ட ஆளைத்தான் வெளிய உக்கார வெச்சிருக்கோம்."

"அசலுக்கும் இதுக்கும் ஏதாவது வித்தியாசம் உண்டா?"

"இன்சூரன்ஸ்காரங்களுக்காகப் பேரெல்லாம் விளக்கமா மொழிபெயர்க்கச் சொன்னோம். படம் அதே படம்தான். இங்க பாரும்மா, கிடங்கு முழுக்கத் தேடியாச்சு. வந்த காலிப் பெட்டி பத்தையும் கவுத்துப் பார்த்தாச்சு. அது வெளிய போயிடுச்சு. போனப்போ வாசல்ல யாரு நின்னா? அவர். முறைன்னு ஒண்ணு இருக்கு."

"முறைன்னு ஒண்ணு இருக்கு சரி," என்றார் அத்தை, "மூளைன்னு ஒண்ணு?"

நாங்கள் வெளியே நின்றோம். கதவு எங்களுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொள்ளவில்லை.

"அத்தை, நாம தோத்துட்டோம்."

"ஒண்ணே முக்கால் மணி நேரம் இருக்கு. ஒரு டிரிப் அடிக்கலாம்." கையைப் பிடித்து இழுத்தார். "வா. கடையில புத்தகம் வந்திருக்குன்னு கவுண்டர் அக்கா சொன்னா."

கண்காட்சிப் புத்தகம். எல்லாப் படங்களும் வண்ணத்தில் அச்சான தடித்த புத்தகம், திறப்பு விழாவுக்கே வந்திருக்க வேண்டியது, கப்பலில் எங்கோ தங்கிவிட்டு இன்று மதியம்தான் வந்து சேர்ந்தது. அதுவரை காணாமல் போனவளை நாங்கள் பார்த்ததெல்லாம் அலுவலகத்தில் கொடுத்த கறுப்பு வெள்ளை நகலில்தான். நகல் எந்திரத்துக்கு மை குறைவு; அவள் முகத்தில் நடுவே ஒரு கோடு வேறு.

கடைக்காரப் பெண் ஒரு பிரதியைப் பிரித்து வைத்தாள். நான் பக்கங்களைத் தள்ளினேன். இருபத்துமூன்று, பச்சை முகம். பக்கத்திலேயே இருபத்துநாலு.

அவள் முகம் நீலம். வெளிர்நீலம்கூட இல்லை, பள்ளிச் சீருடை நீலம். உடை எலுமிச்சை மஞ்சள். மூக்கின் மேல் இரண்டு பெரிய வட்டங்கள், நல்ல ரத்தச் சிவப்பு. தெருவின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தால்கூட முதலில் அந்தக் கண்ணாடிதான் தெரியும்.

"இவளையா எவனோ தூக்கிட்டுப் போனான்?" என்றார் அத்தை. "துணி போட்டு மூடினாலும் மின்னுவா."

நான் நோட்டின் மூன்றாம் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். முதல் நாள், காவலரிடம் படத்தை விவரிக்கச் சொல்லி, அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். கிடைத்தது. 'ஒரு பெண்ணுங்க. சாம்பல் கலர் ட்ரெஸ். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கும்.'

இரண்டு முறை படித்தேன். நான்தான் தப்பாக எழுதிவிட்டேனோ என்று மூன்றாம் முறையும் படித்தேன். என் எழுத்துதான், தெளிவாகத்தான் இருந்தது.

"அத்தை. அவர் இந்தப் படத்தைப் பார்த்ததே இல்ல."

அத்தை நோட்டை வாங்கிப் படித்தார். முதல் முறையாக அவரிடம் ஒரு நக்கலும் வரவில்லை.

"அந்த நகலைப் பார்த்துச் சொல்லியிருக்கார்," என்றேன். "பார்த்தேன் பார்த்தேன்னு மூணு நாளா நம்மகிட்டப் பொய்."

"கவுண்டர் அக்காவுக்குத் தெரியுமா?"

தெரிந்திருக்குமா? தெரிந்துகொண்டே எங்களைக் கூப்பிட்டாரா? அப்படியென்றால் நான் மூன்று நாளாக யாருக்காக உழைத்தேன்? புத்தகத்தை மூடப் போனேன், கை நின்றது. இரண்டு படங்களுக்கும் அடியில் ஸ்பானிய மொழியில் தலைப்பு இருந்தது. எனக்கு ஸ்பானியம் தெரியாது. ஆனால் இரண்டு தலைப்பிலும் முதல் இரண்டு சொற்கள் ஒன்றே. கடைசிச் சொல் மட்டும் வேறு. எதற்கு என்று தெரியாமலே அதையும் குறித்துக்கொண்டேன். எதையாவது குறித்துக்கொள்வது என் வழக்கம். பெரும்பாலும் உதவாது.

காவலர் பின்வாசலுக்கு அருகே, ஊழியர்கள் உட்காரும் பெஞ்சில் இருந்தார். விசாரணை முடியும்வரை சீருடை போடக் கூடாது, வீட்டுக்கும் போகக் கூடாது. காலை ஒன்பது முதல் ஐந்து வரை அங்கேயே உட்கார வேண்டும். சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, காவல் காப்பதுபோலவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் புத்தகத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன்.

"அண்ணே, இந்தப் படம் தெரியுதா?"

பார்த்தார். "அழகா இருக்குங்க. எந்த அறை?"

அவருக்கே புரிய ஒரு நொடி ஆனது. எண்ணைப் பார்த்தார். டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

"என்னாச்சு?" என்றார் மனைவி. "இதுதானே அது? என்ன, எந்த அறைன்னு கேக்கறீங்க?"

"நான் பார்க்கல."

"என்னது?"

"பார்க்காமத்தான் டிக் போட்டேன்."

"மூணு நாளா எங்கிட்டயுமா?" கவுண்டர் அக்காவின் குரல் ஏறவில்லை, இறங்கியது. "போலீஸ் வந்து கூட்டிட்டுப் போனாலும் பரவாயில்ல, பொண்டாட்டிகிட்ட உண்மையைச் சொல்லக் கூடாதுன்னு இருந்தீங்களா?"

"உன்கிட்டச் சொன்னா நீ மேல போய்ச் சொல்லிடுவ. பத்தொன்பது வருஷத்துல ஒரு மெமோ கிடையாது எனக்கு. பார்க்காமக் கையெழுத்துப் போடறவன்னு பேர் வந்தா, அப்புறம் எந்த அறையில என்னை நிக்க வைப்பாங்க? திருடன்னா இல்லைன்னு நிரூபிக்கலாம். இதை எப்படி நிரூபிக்கிறது? இது நிஜம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் முதல் நாளே சொல்லியிருந்தால், படம் சுவருக்கே வரவில்லை என்று நான் தொடங்கியிருப்பேன். திருடனைத் தேடியிருக்கவே மாட்டேன். ஆனால் அவர் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"உங்க அறையில மத்த எல்லாப் படத்துக்கும் பார்த்துத்தானே டிக் போட்டீங்க?"

"ஒவ்வொண்ணையும்!"

"அப்போ இதுக்கு மட்டும் ஏன்?"

"ரெண்டும் ஒரே பேர் தங்கச்சி. இருபத்துமூணு அதே பேர், இருபத்துநாலு அதே பேர். டைப் பண்றவங்க ஒரே வரியை ரெண்டு தடவை அடிச்சுட்டாங்கன்னு நினைச்சேன். ஒரு பெண் இருந்தா. ரெண்டு டிக் போட்டேன்."

"ஒரே பேரா? என்ன பேர்?"

"கண்ணாடியுடன் பெண்."

பின்வாசல் வழியாக ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது, பீப் பீப் என்று. நான் நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் இரண்டு தலைப்புகளின் கடைசிச் சொல். அதற்கு முந்தைய பக்கத்தில், அடியில் கோடு போட்ட என் சொந்தக் கையெழுத்து: 'கண்ணாடி. தள்ளுபடி.'

"அத்தை," என்றேன். "அந்தப் பச்சை முகத்துக்காரி கையில வெச்சிருக்கறது தட்டு இல்ல."

"பின்ன?"

"முகம் பார்க்கிற கண்ணாடி."

அத்தை புத்தகத்திலிருந்த நீல முகத்தைத் தட்டினார். "அடிப்பாவி! இவ போட்டிருக்கறது மூக்குக்கண்ணாடி!"

"அவங்க மொழியில ரெண்டுக்கும் வேற வேற சொல். மியூசியத்து ஆள் முதல் தடவை அவசரமா மொழிபெயர்த்தப்போ ரெண்டையுமே கண்ணாடின்னு போட்டுட்டார். பெட்டி மேல ஒட்டின சீட்டுலயும் அதே சொல்லைத்தான் எழுதியிருக்கணும்."

"ஃபிட்டர் அதைப் படிச்சா?"

"ஃபிட்டருக்குக் கண்ணாடின்னா என்ன?"

"ஜன்னல்ல போடறது!" அத்தை என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "கண்ணாடின்னு சொன்னா ஒருத்தன் மூக்கைத் தொடறான், ஒருத்தி தலை சீவறா, ஒருத்தன் டேப் எடுத்து அளக்கறான். நடுவுல நீ கோடு போட்டுத் தள்ளுபடி பண்ற. எழுந்திரு மருமகளே! நாலு மணி ஆச்சு!"

பட்டறை பூட்டியிருந்தது. ஃபிட்டர் டீ குடிக்கப் போயிருந்தார். எந்தக் கடை என்று யாருக்கும் தெரியவில்லை; ஒருவர் இடது பக்கம் கை காட்டினார், இன்னொருவர் வலது பக்கம். போன் போட்டேன். 'ட்ரில் ஓடுது' என்று சொல்லி வைத்துவிட்டார். டீக்கடையில் எந்த ட்ரில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. பழக்க தோஷமாக இருக்கும். அத்தை தெருமுனையில் நின்று, இருபத்தெட்டு வருஷம் பழக்கிய குரலில், "ஃபிட்டர்! மியூசியம் ஃபிட்டர்! ஏறுங்க, ஏறுங்க!" என்று கூவினார். மூன்றாவது கூவலுக்கு அவர் பன்னும் கையுமாக ஓடிவந்தார்.

"ஒரு பெட்டியில எத்தனை படம் இருந்துச்சு?" என்று ஓட்டத்திலேயே கேட்டேன்.

"நாலு."

"பத்துப் பெட்டி."

"ஆமா, நாப்பது. நாப்பது ஆணி அடிச்சேன். லேபிள்தான் நாப்பத்தொண்ணு வந்துச்சு. கண்ணாடியுடன் பெண்னு ரெண்டு. ஒண்ணைத் தூக்கிப் போட்டேன்."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"எங்கிட்ட யார் கேட்டா? நீங்களே பெட்டியைப் பத்தித்தான் கேட்டீங்க."

அது உண்மை. நான் கேட்கவில்லை.

ரேக்கில் ஜன்னல் கண்ணாடிகளுக்கும் காட்சிப் பெட்டிக் கண்ணாடிகளுக்கும் நடுவே அந்த ஒல்லிப் பெட்டி நின்றது. முன்பக்கம் வெள்ளைச் சீட்டு. 'கண்ணாடி. கவனம்.' ஃபிட்டர் திருப்புளியை எடுத்த நேரம், துணைக் காப்பாளர் வாசலில் வந்து நின்றார்.

"தொடாதீங்க! அனுப்பினவங்க பெட்டி. அந்த அம்மா இல்லாமத் திறக்கக் கூடாது. முறைன்னு…"

"ஒண்ணு இருக்கு," என்றார் அத்தை. "தெரியும்."

ஸ்பானிய அம்மாள் ஹோட்டலில் இருந்தார். வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்த இருபத்தைந்து நிமிடமும் நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வெறும் கண்ணாடி இருந்தால்? எல்லாமே பொருந்துகிறது. ஆனால் போன வாரமும் எனக்கு எல்லாமே பொருந்தியது. ஒரு வாஷிங் மெஷின் மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. இயக்குநர் வந்தார். அவர் கையில் போலீஸ் புகார் வைத்த கவர் இருந்தது. கவுண்டர் அக்கா கவுண்டரைப் பூட்டிவிட்டு வந்து, கணவரிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றார்.

ஸ்பானிய அம்மாள் வந்து, சீட்டைப் பார்த்து, படிக்கத் தெரியாமல் தோளைக் குலுக்கினார். எட்டுத் திருகாணி. ஃபிட்டர் ஒவ்வொன்றையும் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தார். நாலு நாற்பத்தெட்டுக்கு மூடி வந்தது. வெள்ளைப் பஞ்சுத் தாள், அதற்குக் கீழே இன்னொரு தாள், அதை விலக்கியதும்…

நீல முகம் எங்களைப் பார்த்தது. சிவப்புக் கண்ணாடி வழியாக.

ஸ்பானிய அம்மாள் ஏதோ சொன்னார். அது யாருக்கும் புரியவில்லை, ஆனால் அவர் தன் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தது எல்லோருக்கும் புரிந்தது.

"இத்தனை நாளா நின்னுக்கிட்டே இருந்திருக்கா, பாவம்," என்றார் அத்தை. "சீட் கொடுக்க ஒரு ஆள் இல்ல."

இயக்குநர் கவரை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் போட்டார். கிழிக்கவில்லை. நான் அதையும் கவனித்தேன்.

"படம் கிடைச்சது சந்தோஷம்," என்றார் துணைக் காப்பாளர். "ஆனா பார்க்காத படத்துக்கு டிக் போட்டது…"

"போட்டேன் சார்," என்றார் காவலர். அவரே முன்னால் வந்தார். "மெமோ கொடுங்க. வாங்கிக்கறேன். பார்க்காமத்தான் போட்டேன். மூணு நாள் பார்த்தேன்னு பொய் சொன்னதும் நான்தான். அதையும் எழுதிக்கோங்க."

மொழிபெயர்த்தவருக்கு என்ன என்று நான் கேட்க நினைத்தேன். பேரை அவசரமாகப் போட்டவருக்கு மெமோ உண்டா, அசலைக் கவருக்குள் பூட்டி வைத்தவருக்கு உண்டா? வாய்வரை வந்தது. இயக்குநர் ஏற்கெனவே துணைக் காப்பாளரை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அது போதும் என்று விட்டேனா, பயந்து விட்டேனா, தெரியவில்லை.

"மெமோ பத்தி நாளைக்குப் பேசலாம்," என்றார் இயக்குநர். "சீருடையைப் போட்டுக்கிட்டு வாங்க. இதை மாட்டணும்."

ஃபிட்டர் நாற்பத்தோராவது ஆணியை அடித்தார். இரண்டாம் அறையில் பச்சை முகத்துக்காரிக்குப் பக்கத்தில் இடம் பண்ண, ரோஜா நிறச் சைக்கிள்காரரை ஒரு முழம் தள்ளி மாட்ட வேண்டியிருந்தது. பார்வையாளர்கள் போய்விட்டார்கள். துணைக் காப்பாளர் புதிய பட்டியலை அட்டையில் செருகி, பென்சிலோடு காவலரிடம் நீட்டினார். மணி ஐந்தே கால். எல்லோருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும்.

காவலர் அட்டையை வாங்கிக்கொண்டு படத்தின் முன்னால் போய் நின்றார். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு. அவர் மனைவி மெல்ல வந்து பக்கத்தில் நின்றார். இப்போது இரண்டடி இல்லை.

"இடது காதுல தோடு இல்ல," என்றார் அவர், மனைவியிடம்.

"வலது காதுல இருக்கு. வெள்ளை."

"வெள்ளையா, சந்தனமா?"

"சந்தனம் மாதிரிதான் இருக்கு."

துணைக் காப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு டிக்கு. அதைப் போடறதுக்கு இவ்வளவு நேரமா?"

"இருங்க சார்," என்றார் காவலர், திரும்பாமல். "இன்னும் பார்த்து முடிக்கல."